மகனுக்கு மூஸ் பெர்மிட் விழுந்திருக்கு, ஆத்து வழியா போறோம்: வாச்சர் வேலை பார்த்த அப்பன் அங்க என்ன செய்யலாம்?

குமுளி ஏலத்தோட்டம்

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு வயசு 59. குமுளியிலிருந்து ஆனவிலாசம் போற ரோட்டுல ஒன்றரை ஏக்கர் ஏலம் வச்சிருக்கேன். அதுக்கு முன்னாடி பதினோரு வருஷம் தேக்கடிக் காட்டுல தினக்கூலி வாச்சர். எங்க அப்பா அதே காட்டுல திருட்டுத்தனமா வயணப்பட்டை, அதாவது காட்டு லவங்கப்பட்டை, உரிச்சவர். மிளாங்கற கடமானோட தடம், ஆனைத் தடம், எந்தப் புல்லு எப்ப மிதிபட்டது எல்லாமே அவர் கைபிடிச்சுச் சொல்லித் தந்ததுதான். அவர் காட்டை அழிச்ச பாவத்துக்கு நான் பதினோரு வருஷம் காவல் இருந்தேன்னு நெனச்சுக்குவேன்.

மூத்த பையன் கனடாவுல, பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்துல பிரின்ஸ் ஜார்ஜ்ங்கற ஊருல, மர ஆலையில எலக்ட்ரீசியன். ஆறு வருஷமாச்சு. அங்க மூஸ்னு ஒரு மான் சாதி. நம்ம மிளாவை ரெண்டு மூணு சேர்த்து வச்சாப்புல இருக்கும். அதை யாரும் நெனச்சபடி சுட முடியாது. அவன் போகப்போற எடத்துக்குக் குலுக்கல்ல பேர் வரணும். லிமிட்டெட் என்ட்ரின்னு சொல்றாங்க. மூணு வருஷமாப் போட்டு இந்த வருஷம் விழுந்திருக்கு: ஒரே ஒரு ஆண் மூஸ், அக்டோபர் நடுவுல, பார்ஸ்னிப் ஆத்துப் பக்கம். ராக்கி மலையிலிருந்து எறங்கி வடக்காமப் போற ஆறு அது. அவனும் கூட வேலை பாக்குற ஒரு பையனும் படகுல 40 கிலோமீட்டர் போயி ஏழு நாள் தங்கறதாத் திட்டம்.

போன வாரம் போன்ல, "அப்பா, விசா கெடச்சிருச்சு, நீங்களும் வாங்க. தடம் பாக்க உங்கள விட்டா எனக்கு யாரு இருக்கா"ன்னான். அந்த வார்த்தையைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமில்ல.

இனி என் சந்தேகம். நான் துப்பாக்கி தொட மாட்டேன், அது அவன்கிட்டதான். ஆனா முன்னாடி நடந்து தடம் பாத்துச் சொல்லலாமா? மூஸுக்குக் குரல் குடுத்துக் கூப்பிடுவாங்களாமே, அதை நான் கத்துக்கிட்டுச் செய்யலாமா? 40 கிலோமீட்டர் ஏழு நாளைக்குச் சரியா? கறி எவ்வளவு வரும், எப்படித் தூக்குவாங்க? படகுன்னா எனக்கு உள்ளுக்குள்ள ஒரு பயம் உண்டு. 2009 செப்டம்பர் 30 அன்னைக்குத் தேக்கடியில படகு கவுந்து 45 பேர் போனாங்க. அன்னைக்கு ராத்திரி நானும் கரையில நின்னவன். கரையில மிருகத்தப் பாக்க எல்லாரும் ஒரே பக்கம் எழுந்ததாப் பேசிக்கிட்டாங்க. அங்கயும் மிருகத்தப் பாக்கத்தானே படகுல போறோம்.

வீட்டம்மா வேற ஒண்ணு கேக்குறா: "நீ காவல் காத்த ஆளு. காசு கட்டிட்டா உயிரெடுக்கறது சரியாயிருமா?" இதுக்கும் என்கிட்ட பதில் இல்ல.

மறையூர் கரும்புக்காடு

அண்ணே, நான் மறையூர். பிரின்ஸ் ஜார்ஜில் 17 வருஷம் ஆலை வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியவன். எனக்கு நாலு தடவை மூஸ் பெர்மிட் விழுந்தது. ரெண்டு தடவை கறியோடு வந்தேன், ரெண்டு தடவை வெறுங்கை. நீங்கள் கேட்டதில் முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன், மனசு கஷ்டப்படக் கூடாது.

தடம் பார்க்க நீங்கள் முன்னால் நடக்க முடியாது. அந்த மாநிலத்து வனவிலங்குச் சட்டத்தில் வேட்டை என்றால் சுடுவது மட்டும் இல்லை. பிடிக்கும் நோக்கத்தோடு விலங்கைத் தேடுவது, அதன் தடத்தில் பின்தொடர்வது, ஈர்ப்பது, பதுங்கிக் காத்திருப்பது எல்லாமே வேட்டைதான். கையில் துப்பாக்கி இருக்கிறதா இல்லையா என்பது அங்கே கேள்வியே இல்லை. குரல் கொடுத்துக் கூப்பிடுவது 'ஈர்ப்பது' என்பதில் வந்துவிடும். குலுக்கல் அந்த மாநிலத்தில் குடியிருப்பவர்களுக்கு மட்டும்தான். வெளிநாட்டிலிருந்து போகிறவர் பெரிய விலங்கு வேட்டையாட உரிமம் பெற்ற கைடு வைத்துக்கொண்டு போவதெல்லாம் தனி ஏற்பாடு, பெரிய செலவு. நீங்கள் மகனுக்குப் பின்னால் சும்மா நடந்து வரலாமா என்பதைக்கூட உங்கள் மகன் பிரின்ஸ் ஜார்ஜ் வனவிலங்கு அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கட்டும். பதில் வரும்வரை நீங்கள் கூடாரத்து ஆள் என்றே திட்டம் போடுங்கள். பெர்மிட் மகனுடைய பெயரில். தப்பு நடந்தால் போவது அவனுடைய லைசென்ஸும் துப்பாக்கியும்.

கூடாரத்து ஆள் என்றால் குறைச்சல் என்று நினைக்காதீர்கள். மூஸ் வேட்டையில் சுடுவது ஒரு நிமிஷம். அதற்கப்புறம் ரெண்டு நாள் வேலை. அந்த ரெண்டு நாளைத் தெரிந்துவைத்துக்கொண்டுதான் திட்டத்தைப் பின்னாலிருந்து போட வேண்டும்: கறி குளிர்பெட்டிக்குப் போய்ச் சேர வேண்டிய நாள், அதற்கு முன்னால் படகு வண்டி ஏறும் நாள், அதற்கு முன்னால் கறி ஆற்றங்கரைக்கு வந்துசேரும் நாள். இப்படி எண்ணி வந்தால் ஏழு நாளில் சுடுவதற்கு மிஞ்சுவது நாலு நாள்தான். அஞ்சாம் நாள் சாயங்காலம் எவ்வளவு பெரிய கொம்பு வந்து நின்றாலும் விட்டுவிட வேண்டும்.

கணக்கு இதுதான். அந்தப் பக்கத்து வளர்ந்த ஆண் 400 கிலோவைத் தாண்டும். எலும்பு நீக்கிய கறியே 200 கிலோ பக்கம் வரும். ஒரு பின்தொடையை எலும்போடு தூக்கினால் 50 கிலோ. மலையில் சுமந்தவர் நீங்கள், உங்களுக்கே தெரியும், சதுப்பில் ஒரு ஆள் 30 கிலோவுக்கு மேல் தூக்கினால் முட்டி போய்விடும். எலும்பு நீக்கியே ஏழு நடை, எலும்போடு என்றால் பத்து நடைக்கு மேல். ஒவ்வொரு நடையும் போக ஒன்று, வர ஒன்று. நாலு தொடையும் முதுகுச் சதையும் கட்டாயம் வீடு வந்து சேர வேண்டும், அல்லது கறி வெட்டும் கடைக்கோ குளிர்கிடங்குக்கோ போக வேண்டும். சட்டம் அது. கொம்பை மட்டும் எடுத்துக்கொண்டு வருகிறவனை அங்கே யாரும் மனுஷனாக மதிக்க மாட்டார்கள்.

என் அனுபவத்தைச் சொல்கிறேன். 2011-ல் எனக்கும் என் நண்பருக்கும் சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஒரு ஆண் மூஸ் கிடைத்தது. ஆற்றிலிருந்து 800 மீட்டர். நடுவில் பீவர் என்ற பிராணி அணை கட்டித் தேக்கிவைத்த முழங்கால் தண்ணீர், அதற்குள் வில்லோ புதர். வில்லோ என்றால் நம்ம ஆற்றுப்பாலைக்குச் சொந்தக்கார மரம், மூஸுக்கு அதுதான் சோறு. குடலை எடுத்துவிட்டோம். இருட்டிவிட்டது. ராத்திரி தண்ணீர் உறைகிற குளிர், தானாக ஆறிவிடும் என்று தோலை உரிக்காமல் விட்டுவிட்டுக் கூடாரத்துக்கு வந்துவிட்டோம். காலையில் போனபோது முதுகு முடியெல்லாம் உறைபனி, வெள்ளை வெளேர் என்று இருந்தது. தொடைக்கும் இடுப்புக்கும் நடுவில் கையை விட்டேன். கை சுட்டது. மூஸின் முடி உள்ளே பொந்தாக இருக்கும், கம்பளி மாதிரி சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மூட்டில் கத்தி வைத்ததும் புளித்த மாவு வாடை. தரையில் கிடந்த பக்கத்துப் பின்தொடை முழுக்கப் போச்சு. தப்பு என்னுடையது. அந்த இருட்டிலேயே தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு தோலை உரித்திருக்க வேண்டும். இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் அந்தச் சூடு என் விரலில் இருக்கிறது.

அதனால் மகனிடம் இப்போதே ஒரு கோடு போடச் சொல்லுங்கள்: ஆற்றங்கரையிலிருந்து 300 மீட்டருக்குள் நின்றால் மட்டும் சுடுவது, மதியம் மூணு மணிக்கு மேல் சுடுவதில்லை, தண்ணீருக்குள் நிற்கும் மிருகத்தைச் சுடுவதே இல்லை. சூரிய உதயத்துக்கு ஒரு மணி முன்னாலிருந்து அஸ்தமனத்துக்கு ஒரு மணி பின்னால்வரை சட்டம் அனுமதிக்கிறது. அது சட்டம் தரும் நேரம். உங்கள் கோடு அதற்குள்ளே இன்னும் சின்னதாக இருக்கட்டும்.

படகைப் பற்றி. அங்கே மலை ஆற்றில் ஆழம் குறைவு, கூழாங்கல் மேடு நிறைய. விசிறி அடிபடும் என்று ஜெட் மோட்டார் போடுவார்கள். அக்டோபரில் தண்ணீர் இன்னும் இறங்கியிருக்கும். 40 கிலோமீட்டர் வேண்டவே வேண்டாம், பத்துப் பன்னிரண்டு போதும். படகு இறக்கும் இடத்திலிருந்து கட்டாயம் ஆற்றுக்கு எதிராக, மேலே போக வேண்டும். மோட்டார் நின்றுவிட்டால் ஆறே உங்களைத் திருப்பிக் கொண்டுவந்து விடும். கீழே போனவன் மோட்டார் நின்றால் காட்டிலேயே கிடக்க வேண்டியதுதான். வளைவுகளில் வெளிப்பக்கம் கரை அரித்து மரங்கள் தண்ணீர்மேல் படுத்திருக்கும், அதற்கடியில் நீரோட்டம் இழுக்கும். அந்த ஆறு போய்ச் சேருவது வில்லிஸ்டன் நீர்த்தேக்கத்தில். 1960-களில் அணை கட்டியபோது காட்டை முழுக்க வெட்டாமலேயே மூழ்கடித்துவிட்டார்கள். நம்ம தேக்கடி ஏரியில் 1895-லிருந்து நிற்கும் மரக்கட்டைகள் உங்களுக்குப் பழக்கம். அங்கே அந்தக் கட்டைகள் மிதந்தும் வரும். அந்தத் தேக்கத்துப் பக்கமே போக வேண்டாம் என்பது என் எண்ணம்.

படகில் கொள்ளளவுத் தகடு ஒட்டியிருக்கும். மூணு ஆள் 230 கிலோ, கூடாரம், சாப்பாடு, பெட்ரோல் 150, கறியும் கொம்பும் 250. மொத்தம் 630. தகட்டில் அதற்குக் குறைவாக இருந்தால் ரெண்டு நடை என்று இப்போதே எழுதிவையுங்கள். மோட்டாரில் ஓடும் படகிலிருந்து சுடுவதும் வேட்டையாடுவதும் தடை. அதனால் உங்கள் பயத்துக்கு ஒரு நிம்மதி உண்டு: படகில் யாரும் எழுந்து நிற்க வேண்டிய வேலையே வராது. உட்கார்ந்து போவது, கரையேறுவது, அப்புறம் கால்நடை. உயிர்காப்புச் சட்டையைக் கூடாரம் வரும்வரை கழற்றாதீர்கள்.

கம்பம்மெட்டு கறிக்கடை

அண்ணே, வேட்டை எனக்குத் தெரியாது. 22 வருஷமா போத்து, அதாவது எருமை, வெட்டுறேன். மறையூர்க்காரர் சொன்ன அந்தத் தொடை வாடை எனக்குத் தெரியும், எங்க தொழில்ல அதுதான் பெரிய பயம். எலும்ப ஒட்டித்தான் கெட ஆரம்பிக்கும். மேல பாத்தா நல்ல செவப்பா இருக்கும், ஏமாந்துருவோம்.

காட்டுல நாலு பேர் சேர்ந்து தொங்கவிட முடியாத மிருகம்னா வயித்தத் தொறக்காமலே ஆரம்பிக்கலாம். ஒரு பக்கமாப் படுக்கவச்சு, முதுகெலும்ப ஒட்டித் தோலக் கீறி, அந்தப் பக்கத்தை மட்டும் வயிறுவரை உரிச்சு விரிச்சுடு. விரிச்ச தோலே பாய். முன்காலை எடுக்க எலும்பு வெட்டவே வேண்டாம், அங்க மூட்டே கிடையாது, சதையிலதான் ஒட்டிட்டு இருக்கும். காலை மேல தூக்கிப் பிடிச்சா கத்தி தானா வழி காட்டும். பின்தொடையில மட்டும் குண்டு மூட்டு. இடுப்பெலும்ப ஒட்டியே கத்தியைக் கொண்டுபோனா மூட்டு கண்ணுல படும், நடுவுல இருக்குற நரம்ப அறுத்தா கழண்டுரும். அப்புறம் முதுகுச் சதை, கழுத்து. பெரட்டிப் போட்டு மறு பக்கம். உள் சதைய கடைசி விலாவுக்குப் பின்னால கையை விட்டு எடுக்கலாம்.

கோடாலியே வேண்டாம், எலும்புத் தூள் கறியில ஒட்டும். சின்னக் கத்தி ரெண்டு போதும், அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா தீட்டணும். தோலை எப்பவும் உள்ளேயிருந்து வெளிய பாத்து அறுக்கணும், வெளியேயிருந்து அறுத்தா முடி வெட்டுப்பட்டுக் கறியெல்லாம் ஒட்டிக்கும், கழுவினாலும் போகாது.

இன்னொண்ணு, உரச்சாக்குல, பிளாஸ்டிக் கவர்ல கறியப் போட்டா வேர்த்து நாறிரும். வீட்டுல பழைய மல்லு வேட்டி இருந்தா ஒரு எட்டுப் பை தச்சு, கொதிக்கற தண்ணியில அலசிக் காயவச்சு எடுத்துட்டுப் போங்க. காத்து போகும், தூசி போகாது. தொடை ஒண்ணுக்கு ஒரு பை.

உப்புக்கண்டம் போடணும்னு மனசுல நெனச்சிருப்பீங்க. அந்த ஊர் அக்டோபர் வெயில நம்பாதீங்க. கல்லுப்பு, மஞ்சத்தூள், மிளகாத்தூள் தடவி விரல் கனத்துக்குக் கீறி, வீட்டுக்கு வந்தப்புறம் மின்சார உலர்த்தியிலதான் காயவைக்கணும்.

வண்டிப்பெரியார் நர்ஸ்

ஐயா, நான் பிரின்ஸ் ஜார்ஜிலதான் வேலை பார்க்கிறேன், இப்போது லீவில் வீட்டுக்கு வந்திருக்கேன். சுருக்கமாகச் சொல்றேன்.

அக்டோபர் நடுவில் பகல் பத்தரை மணி நேரம்தான். ராத்திரி தண்ணீர் உறையும், பகலில் மழையும் பனியும் மாறி மாறி வரும். பருத்தி பனியன், பருத்தி சட்டை வேண்டாம், நனைஞ்சா காயாது. உடம்போடு ஒட்டுற கம்பளி உள்ளுடுப்பு ரெண்டு செட் மகன் வாங்கட்டும். உங்க கால் அளவை இப்பவே அனுப்புங்க. ரப்பர் பூட்ஸ் சரியில்லாட்டி மிச்சம் எது இருந்தும் பிரயோஜனமில்ல. பிரஷர் மாத்திரை எடுக்கறவரா இருந்தா பத்து நாளுக்குக் கூடுதலா ரெண்டு எடத்துல பிரிச்சு வைங்க, ஒரு பை ஆத்துல போனாலும் இன்னொண்ணு இருக்கணும். வெளிநாட்டுப் பயணக் காப்பீடு எடுக்கும்போது காட்டுப் பயணத்துக்கும் செல்லுமான்னு கேட்டு எடுங்க. ஆத்துப் பள்ளத்துல போன் எடுக்காது. செயற்கைக்கோள் வழியா மெசேஜ் அனுப்புற கருவி ஒண்ணு படகுல இல்ல, மகனோட சட்டைப் பையில இருக்கணும்.

மூஸ் ஈரலும் கிட்னியும் ஆசையாத் திங்கற பழக்கம் நம்மாளுங்களுக்கு உண்டு. அந்த ரெண்டுலயும் காட்மியம்ங்கற உலோகம் சேரும். அதனால அளவாச் சாப்பிடச் சொல்லித்தான் வடக்கே அறிவுறுத்துறாங்க. கறிக்கு அந்தப் பிரச்சினை இல்ல.

கறியோ கொம்போ ஊருக்குக் கொண்டுவர நெனைக்காதீங்க. போட்டோ எடுத்துட்டு வாங்க.

தேவிகுளம் டீச்சர்

உங்க வீட்டம்மா கேட்ட கேள்விக்குத்தான் நான் எழுதுகிறேன். நான் கறி சாப்பிடுவதில்லை. ஆனாலும் இந்தக் கேள்வி எங்கள் வீட்டிலும் இருந்தது.

என் தாத்தா எஸ்டேட் லயத்தில் பிறந்தவர். இரவிகுளத்துப் புல்வெளியில் அந்தக் காலத்தில் தோட்டத் துரைமார் வரையாடு சுடுவார்கள். அதற்கும் ஒரு சங்கம், ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார்கள், காவலுக்கு முதுவான் பழங்குடி ஆட்கள் இருந்தார்கள். தாத்தா சாமான் தூக்கிக்கொண்டு கூடப் போயிருக்கிறார். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1975-ல் இரவிகுளம் சரணாலயம், 1978-ல் தேசியப் பூங்கா. தாத்தாவுக்குக் கடைசிவரை ஒரு வருத்தம்: "துரை சுட்டா விளையாட்டு, நம்மாளு கண்ணி வச்சா திருட்டு." அந்த வருத்தம் நியாயமானது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். காட்டுக்குள்ளேயே பிறந்தவனுக்கு இல்லாத உரிமை பெர்மிட் வைத்திருப்பவனுக்கு எப்படி வரும்?

அதனால் அந்த ஊரில் எப்படி என்று படித்துப் பார்த்தேன். பனி விழுந்தபின் மூஸ் வெள்ளைத் தரையில் கறுப்பாகத் தெரியும். அப்போது ஹெலிகாப்டரில் பறந்து எண்ணுகிறார்கள். அந்த எண்ணிக்கையைப் பார்த்துத்தான் எந்தப் பகுதிக்கு எத்தனை பெர்மிட் என்று வைக்கிறார்கள், குறைந்தால் பெர்மிட்டும் குறையும். மூஸ் கூடினாலும் அங்கே ஒரு சிக்கல் உண்டு. காட்டை வெட்டிய இடத்தில் இளந்தளிர் வரும், தளிருக்கு மூஸ் வரும், மூஸுக்குப் பின்னால் ஓநாய் வரும், அந்த ஓநாய் ஏற்கெனவே அழிந்துகொண்டிருக்கும் காரிபூ மானையும் தின்றுவிடும். முதற்குடி மக்களுக்கு அவர்களுடைய மண்ணில் உணவுக்கு வேட்டையாடும் உரிமை தனியாக இருக்கிறது, அவர்கள் குலுக்கலுக்குப் போக வேண்டியதில்லை. தேக்கடி ஏரியில் மன்னான் பழங்குடி ஆட்கள் மீன் பிடிக்கிறார்களே, அந்த மாதிரி என்று உங்க வீட்டம்மாவுக்குச் சொன்னால் புரியும். நீங்கள் போகும் ஆறு மெக்லியோட் லேக் முதற்குடி மக்களின் பூர்வீகப் பூமிக்குள் வருகிறது. அவர்கள் படகு நிறுத்தும் இடம், மீன் புகைக்கும் குடில் எதையாவது பார்த்தால் அங்கே கூடாரம் போடாதீர்கள்.

இதெல்லாம் சொன்னாலும் உயிர் உயிர்தான். வீட்டம்மா சமாதானமாகாவிட்டால் அவரை வாதத்தில் ஜெயிக்கப் பார்க்காதீர்கள், அண்ணா.

குமுளி ஏலத்தோட்டம்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ரெண்டு நாளாப் பதில் எழுதல. மறையூர்த் தம்பி சொன்ன முதல் விஷயத்தைப் படிச்சிட்டு மனசு அடங்கல. தடம் பாக்கறதுக்குன்னே கூப்பிட்ட மகன்கிட்ட, அது எனக்கு இல்லையாம்னு எப்படிச் சொல்றதுன்னு இருந்தேன். நேத்துக் கூப்பிட்டுச் சொல்லிட்டேன். அவன் கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "அப்ப இங்க வர்றதுக்கு முன்னாடியே கத்துக்குடுங்கப்பா"ன்னான்.

என் தோட்டத்துக்கு மேல எல்லையில ராத்திரி மிளா வரும், ஏலச் செடிக்கு நடுவுல ஈர மண்ணு. இன்னைக்குக் காலையில ஆறு மணிக்கு வீடியோ போட்டுக் காட்டினேன். நேத்து ராத்திரித் தடத்தோட விளிம்பு கூர்மையா இருந்துச்சு, முந்தா நாள் தடத்துல மழைத்துளி விழுந்து விளிம்பு மழுங்கி, உள்ள ஒரு ஏல இலை சருகா விழுந்திருந்தது. ரெண்டுக்கும் பக்கத்துல என் உள்ளங்கைய வச்சுக் காட்டினேன். பின்கால் முன்கால் மேல விழுந்திருக்கா, குளம்பு விரிஞ்சிருக்கா, நின்னு திரும்பிப் பாத்த எடம் எது, எல்லாம் கேட்டான். முக்கால் மணி நேரம். சின்ன வயசுல இவன் ஒரு நாளும் இப்படிக் கேட்டதில்ல.

40 கிலோமீட்டர்னு இருந்தத 12-ஆக் கொறைச்சாச்சு, ஆத்துக்கு எதிரா மேல. அவன் கூட்டாளி மொதல்ல ஒத்துக்கல, படகுத் தகட்டப் பாத்துட்டு ஒத்துக்கிட்டான், 545 கிலோதான் போட்டிருக்காம். அதனால கறிக்கு ரெண்டாவது நடை. 300 மீட்டர், மூணு மணி ரெண்டையும் அவனே காகிதத்துல எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினான். அலுவலகத்துக்கும் எழுதிக் கேட்டிருக்கான். வேட்டிப் பை எட்டும் வீட்டம்மாதான் தச்சுக்கிட்டு இருக்கா. "கறிய வீணாக்காம கொண்டாருங்க"ன்னு மட்டும் சொன்னா, வேற ஒண்ணும் சொல்லல. நானும் கேக்கல.

தம்பி, இன்னும் ரெண்டு சந்தேகம். கரடிக்கு என்ன பண்ணுவீங்க? உறைபனியில தடத்தோட வயசு எப்படித் தெரியும்? எனக்கு ஈர மண்ணுதான் பழக்கம். மகன் கேட்டான், சொல்லத் தெரியல.

மறையூர் கரும்புக்காடு

அண்ணே, சந்தோஷம். கரடி பற்றி: அங்கே பயப்பட வேண்டியது கிரிஸ்லி, நம்ம கரடி மாதிரி ரெண்டு மடங்குக்கு மேல். துப்பாக்கிச் சத்தமும் ரத்த வாடையும் கேட்டு வரும். கறியைக் குடல் கிடக்கும் இடத்திலிருந்து உடனே பிரித்து, நூறு மீட்டருக்கு அப்பால், தூரத்திலிருந்தே கண்ணுக்குத் தெரியும் வெட்டவெளிக்கு, காற்று அடிக்கும் பக்கமாகக் கொண்டுபோக வேண்டும். அடுத்த நடைக்குத் திரும்பும்போது சத்தமாகப் பேசிக்கொண்டே போங்கள். கரடி உட்கார்ந்திருந்தால் கறி அதற்குத்தான், சண்டைக்குப் போகாதீர்கள். கூடாரத்தில் கறியைச் சுற்றி மின்வேலி போடலாம். ஆனைக்கும் பன்றிக்கும் நம்ம தோட்டத்தில் கட்டுகிற சோலார் வேலிதான், பையில் மடித்து வைக்கிற அளவில் கிடைக்கும். நீங்கள் கட்டிப் பழகியவர், அந்த வேலை உங்களுடையது. கம்பியில் புல் தொடக் கூடாது, மண் காய்ந்திருந்தால் எர்த் கம்பியைச் சுற்றித் தண்ணீர் ஊற்ற வேண்டும், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மிளகாய் ஸ்பிரே அங்கே போய் வாங்கிக்கொள்ளுங்கள், விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். மூணு பேர் இடுப்பிலும் ஆளுக்கொன்று.

விழுந்ததும் கை வைப்பதற்கு முன்னால் மகன் மூஸ் லைசென்ஸை ரத்துக் குறி போட வேண்டும். ஆண் என்பதும் மூஸ் என்பதும் தெரிகிற அடையாளத்தை ஒரு பின்தொடையிலேயே ஒட்டியபடி விட வேண்டும். கம்பம்மெட்டுக்காரர் சொன்ன மாதிரி வெட்டும்போது அவசரத்தில் அதையும் அறுத்துவிடுவார்கள். மகனுக்கு நினைவுபடுத்துங்கள்.

கூப்பிடுவதில் மகன் ஒன்றைத் தெரிந்துகொள்ளட்டும். பெண் மூஸ் மாதிரி நீட்டி முனகினால் ஆண் உடனே ஓடி வராது. ஒரு மணி நேரம், சில சமயம் மறுநாள். வரும்போது அவ்வளவு பெரிய உடம்பு ஒரு குச்சி ஒடியாமல் வரும், காற்றுக்குக் கீழ்ப்பக்கமாகச் சுற்றி வந்து மோப்பம் பிடிக்கும். மிளா மாதிரி 'டாங்க்' என்று கத்திக் காட்டிக்கொடுக்காது. கண் மந்தம், காதும் மூக்கும்தான் எல்லாம்.

உறைபனித் தடம். விடியற்காலையில் புல்மேல் பனி பூத்திருக்கும்போது மூஸ் நடந்தால் மிதித்த இடத்தில் பனி நசுங்கி, புல் பச்சையாகவோ கறுப்பாகவோ தெரியும், சுற்றிலும் வெள்ளை. பனி பூப்பதற்கு முன்னால், ராத்திரி நடந்திருந்தால் தடத்துக்கு உள்ளேயும் ஊசி ஊசியாக வெள்ளை முளைத்திருக்கும். சேற்றுத் தடத்தில் கண்ணாடி மாதிரி மெல்லிய ஐஸ் மூடியிருந்தால் அது ராத்திரித் தடம். ஐஸ் உடைந்து சில்லு சில்லாகக் கிடந்து, தண்ணீர் இன்னும் கலங்கியிருந்தால் மிருகம் பக்கத்தில்தான் இருக்கிறது.

உங்கள் ஊரில் உறைபனி கிடையாது. எங்கள் பக்கம் ஜனவரியில் மூணாறு புல்மேட்டில் விழும். விசா தேதிக்கு முன்னால் அந்தக் குளிர் வராது என்பது தெரியும். போன ஜனவரியில் புல்மேட்டு ஓரம் நான் எடுத்த மிளாத் தடப் போட்டோ நாலைந்து கைவசம் இருக்கிறது. ராத்திரி அனுப்பி வைக்கிறேன், மகனுக்குக் காட்டுங்கள்.